காவலர் பயிற்சியும் கிராமத்தார் புகாரும்

திருமங்கலத்திற்குத் தெற்கே கள்ளிக்குடி செல்லும் வழியெங்கும் கரிசல் நிலம் பரந்து கிடக்கிறது. அறுவடை முடிந்ததும் இராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் செம்மறி ஆடுகளை ஓட்டிவந்து, நிலத்துக்கு உரமாகும்படி புன்செய்களில் கிடை போடுவதை நாம் பார்த்திருக்கிறோம். ஓரிரவு அக்கிடையிலிருந்து மூன்று ஆடுகள் களவு போயின என வைத்துக்கொள்வோம். கீதாரியின் மனைவி விடிந்ததும் போலீஸ் ஸ்டேஷன் படியேறுகிறார். புகாரைப் பதிவு செய்வது ஸ்டேஷன் அதிகாரியின் பொறுப்பேயாயினும், அதை முதலில் காதில் வாங்குபவர், பயிற்சிப் பள்ளியிலிருந்து புதிதாக வந்து வாயில் மேசையில் அமர்ந்திருக்கும் இளங்காவலரே. அவர் எவ்வாறு கேட்கிறார் என்பதில் வழக்கின் பாதி அடங்கியிருக்கிறது.

பயிற்சிப் பள்ளியில் காலையில் கவாத்து, பின்னர் சட்ட வகுப்பு. 1860 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம், 1872 ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், 1973 ஆம் ஆண்டின் குற்ற விசாரணை முறைச் சட்டம் ஆகிய மூன்றுக்கும் பதிலாக, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா முதலிய மூன்று புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்துள்ளன. கொலைக்குரிய 302 ஆம் பிரிவு இன்று 103. மோசடிக்குரிய 420 இன்று 318. ('நானூற்று இருபது' என்ற வசைச்சொல் மட்டும் ஊர்ப்பேச்சில் இன்னும் ஓய்வு பெறவில்லை!) எண்களை மனப்பாடம் செய்வது எளிது. அவ்வெண்களை எதிரே நிற்பவர் பேச்சோடு பொருத்துவதுதான் கடினம்.

கீதாரியின் மனைவியிடமே திரும்புவோம். "ஆடு என்ன விலை பெறும்?" என்று கேட்டால், அவர் சந்தை விலையைச் சொல்லாமல், பல ஆண்டுகளுக்கு முன் குட்டியாக வாங்கிய விலையைச் சொல்லக்கூடும். களவு போன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாயின், புதிய சட்டப்படி அது மாஜிஸ்திரேட்டின் உத்தரவின்றிப் போலீஸார் புலனாய்வு செய்ய இயலாத குற்றமாகிவிடும். ஆகவே, "இன்று சந்தைக்கு ஓட்டினால் என்ன கிடைக்கும் அம்மா?" என்று மறுமுறை கேட்கத் தெரிந்த காவலரே சட்டம் அறிந்தவர். காது மடலில் இட்ட வெட்டு எந்தப் பக்கம், எத்தனை என்று அவர் சொல்லும்போது, அதை விட்டுவிட்டு "அடையாளம் தெரியாத நபர்கள்" என்ற பழகிய வாசகத்தை மட்டும் எழுதிவைத்தால், பின்னால் சந்தையில் ஆட்டைக் கண்டாலும் மெய்ப்பிக்க வழியிராது.

இன்னொரு சிக்கலும் உண்டு. கிடை ஓரிடத்தில் நிற்பதில்லை. களவு நடந்த புன்செய் கள்ளிக்குடி எல்லையைச் சேர்ந்தது என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பலாகாது. எல்லை எதுவாயினும், கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவலை எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம் என்று 173 ஆம் பிரிவு தெளிவாகக் கூறுகிறது.

அதே பிரிவில் ஒரு சிறு வரி உண்டு. வாய்மொழியாகச் சொன்னதை எழுதியபின், சொன்னவருக்கு அதைப் படித்துக் காட்ட வேண்டும். அதன் பின்னரே கையொப்பம். பயிற்சி பெறுவோர் மிக விரைவாகக் கடந்துவிடும் வரி இதுதான் என்பது நம் கருத்து. இந்தத் தாலுகாவில் அந்த வரிக்கு ஒரு தனி அர்த்தம் இருக்கிறது.

பிரிட்டிஷார் ஆட்சியில் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்படி இப்பகுதிப் பிரமலைக் கள்ளர் மக்கள் விரல் ரேகை பதிக்குமாறு கட்டாயப்படுத்தப்பட்டனர். மக்கள் அதை 'ரேகைச் சட்டம்' என்றே அழைத்தனர். 1920 ஏப்ரல் 3 அன்று, அக்காலத்தில் திருமங்கலம் தாலுகாவைச் சேர்ந்திருந்த பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள்மீது போலீஸார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர்; ஒரு பெண் உட்படப் பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல் ஒழிந்தது. ஆயினும், தமக்குப் படித்துக் காட்டப்படாத காகிதத்தில் பெருவிரலைப் பதிக்கச் சொன்னால் இங்குள்ள முதியவர் ஒருவர் தயங்குவாராகில், அதைப் பிடிவாதம் என்று இளங்காவலர் கருதலாகாது.

கைது பற்றிய பாடம் இன்னும் கண்டிப்பானது. காரணத்தைச் சொல்ல வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்க வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். போலீஸ் அதிகாரியிடம் சொன்ன குற்ற ஒப்புதல் சாட்சியமாகாது. ஆகவே அடித்து வாங்கும் வார்த்தை சட்டத்தின் கண்ணில் வெறும் காற்று. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கைதான தந்தையும் மகனும் உயிரிழந்தபோது, உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே முன்வந்து அதை வழக்காக எடுத்துக்கொண்டதை நாம் மறக்கவில்லை.

இவற்றை எப்படிப் பழக்குவது? ஒரு பயிற்சிக் காவலர் தம் சொந்த ஊர்ப் பேச்சில் புகார் சொல்லட்டும். வேறு ஜில்லாவைச் சேர்ந்தவர் இடைமறிக்காமல் கேட்டு எழுதட்டும். மூன்றாமவர் உரக்கப் படிக்கட்டும். சொன்னவர் "நான் அப்படிச் சொல்லவில்லை" என்று எத்தனை இடங்களில் கையுயர்த்துகிறார் என்று எண்ணிப் பார்த்தால், பல விரிவுரைகளுக்கு ஈடான பாடம் கிடைக்கும். 'நீ, வா, போ' என்று விளிக்கப்பட்டவர் கையுயர்த்தவே மாட்டார் என்பதும் அப்போது புலப்படும்.

கிராமத்தார் அறிந்திருக்க வேண்டியவை இவை. முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். உடனே வழக்குப் பதியாவிடில், மனுவைப் பெற்றுக்கொண்டதற்குச் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்கலாம். ஸ்டேஷனில் பதிய மறுத்தால் புகாரைத் தபாலில் ஜில்லா போலீஸ் சூப்பிரண்டெண்டுக்கு அனுப்பலாம். அங்கும் பயனில்லையெனில் மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்யலாம். புலனாய்வு எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் புகார் கொடுத்தவருக்குத் தெரிவிக்க வேண்டும். கிடையோடு ஊர் ஊராகச் செல்லும் கீதாரி, அத்தகவல் தம்மை வந்தடையும் பொருட்டு, நிலையான ஒரு முகவரியையும் தொலைபேசி எண்ணையும் புகாரிலேயே எழுதச் சொல்வது நல்லது.