முத்துப்பேட்டைச் சேறும் பருவ மாறுதலும்

"ஆற்றுநீர் கடலில் போய் வீணாகிறது" என்று விவசாயிகள் வருந்துவதுண்டு. உசிலம்பட்டி போன்ற வானம் பார்த்த பகுதியில் இந்த ஏக்கம் நியாயமே. வைகை நீரில் பெரும்பகுதி கண்மாய்களிலேயே தங்கிவிடுகிறது. கடலைச் சேர்வது சொற்பம். ஆனால் காவிரி டெல்டாவின் தென்கோடியான முத்துப்பேட்டையில், கடைமடையைத் தாண்டி வரும் நன்னீர் செய்யும் வேலை கவனிக்கத்தக்கது.

பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு முதலியன இங்குள்ள உப்பங்கழியில் கலக்கின்றன. அவை கொணரும் வண்டலும் களியும் படிந்ததே இச்சேற்றுப் பரப்பு. ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் இறங்கும்போது கழிநீரின் உப்பு வெகுவாகக் குறைகிறது. சேறு இளகுகிறது. வெண்கண்டல் மரத்தின் காய்கள் மரத்திலேயே முளைகட்டி, உதிர்ந்து, மிதந்து, ஒதுங்கிய இடத்தில் வேர் பிடிக்கின்றன. இறால் குஞ்சுகளுக்கும் மீன் குஞ்சுகளுக்கும் இக்கழியே நாற்றங்கால்.

தை பிறந்து ஆற்று வரத்து குறைந்ததும் கடல்நீரின் கை ஓங்குகிறது. சித்திரை, வைகாசி வெயிலில் மேடான பரப்பு, கண்மாய்ப் படுகை போலவே பாளம் பாளமாக வெடிக்கும். ஆனால் கண்மாய் வெடிப்பில் மழை பெய்தால் புல் முளைக்கும். இங்கோ உப்புப் பூத்து, உமரி போன்ற ஒன்றிரண்டு செடிகளே தலைகாட்டும்.

ஆங்கிலேயர் காலந்தொட்டுப் பல்லாண்டுகள் இக்காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டினார்கள். நிழல் போனதால் சேற்றின் ஈரம் ஆவியாகி, நிலம் தட்டுப்போல் அமிழ்ந்தது. ஓதத்தில் ஏறிய நீர் வடிய வழியில்லை. இங்கு ஓத ஏற்ற இறக்கமும் குறைவு. தேங்கிய நீர் வற்ற வற்ற உப்பு மட்டும் மிஞ்சியது. நட்ட கன்றும் கருகியது.

1990-களில் வனத்துறை, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், உள்ளூர் மக்கள் ஆகியோர் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டினர். ஓதநீர் தங்குதடையின்றி ஏறி இறங்கியதும் உப்பு கழுவப்பட்டு, கன்றுகள் தழைத்தன. 2018 நவம்பர் 16-இல் கரை கடந்த கஜா புயல் இக்காட்டைக் கடுமையாகச் சாய்த்தது. வாய்க்கால்களைத் தூர்வாரி வைத்தால்தான் அங்கு மறுபடி முளைப்பவை நிலைக்கும்.

மேட்டுப்பகுதி விவசாயிக்கும் இதில் பாடமுண்டு. கண்மாய்க் கரையடியில் ஊற்று கசிந்து உப்புப் பூக்கும் வயல்களில் எருவையும் ஜிப்சத்தையும் கொட்டுவதற்கு முன், வடிகால் எடுத்தல் அவசியம். உவர் நிலமானால் வடிகாலுக்குப் பின் நல்ல நீர் தேக்கி வடித்தாலே பெரும்பாலும் போதும். ஜிப்சம் தேவைப்படுவது களர் நிலத்திற்கே. இரண்டில் எது என்பதை மண் பரிசோதனை செய்து அறிந்து கொள்ளலாம்.