சின்ன காரில் க்ரூஸ் கன்ட்ரோல்: பொருத்துமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் காரை ஒரே வேகத்தில் ஓடவைக்கும் கருவிதான் க்ரூஸ் கன்ட்ரோல். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த ரால்ஃப் டீட்டர் 1950இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஐந்து வயதில் பார்வையை இழந்த பொறியாளர் அவர். 1958இல் கிரைஸ்லர் நிறுவனம் தன் விலை உயர்ந்த கார்களில் இந்த வசதியை அறிமுகம் செய்தது. விலை குறைந்த கார்களில் இன்றும் இது எல்லாவற்றிலும் கிடைப்பதில்லை. இந்தியாவில் பெரும்பாலும் ஒரே மாடலின் உயர் வேரியன்ட்டில் இருக்கும், அடிப்படை வேரியன்ட்டில் இருக்காது. அப்படி விடுபட்ட காரில், வெளியில் விற்கும் கிட்டை வாங்கி உரிமையாளரே பொருத்திக்கொள்ள முடியும். ஆனால் கார் எந்த வகை என்பதைப் பொறுத்து வேலை அடியோடு மாறிவிடும்.

எந்தக் கிட்டானாலும் அதற்கு மூன்று வேலைகள் உண்டு. கார் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று அறிய வேண்டும்; குறித்த வேகத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்; வித்தியாசத்துக்கு ஏற்ப எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். மேட்டில் ஏறும்போது வேகம் குறைந்தால், காற்று போகும் வழியில் உள்ள த்ராட்டில் என்ற வால்வு சற்றுத் திறக்கும்; இறக்கத்தில் மூடும். வித்தியாசம் எவ்வளவு, அது எவ்வளவு நேரமாக நீடிக்கிறது, எவ்வளவு விரைவாக மாறுகிறது ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிடுவதால்தான் கார் குலுங்காமல் ஒரே சீராக ஓடுகிறது.

பழைய கார்களில் ஆக்சிலரேட்டர் மிதிக்கும் த்ராட்டிலுக்கும் இடையே ஒரு கேபிள் ஓடும். இவற்றுக்கான கிட்டில் த்ராட்டிலை இழுக்க இன்னொரு கேபிள் வரும். அதை இழுப்பது ஒரு சிறு மோட்டார், அல்லது எஞ்சின் உறிஞ்சும் வெற்றிட விசையால் இயங்கும் ஒரு டயாஃப்ரம். வெற்றிட வகையில் ஒரு சிக்கல் உண்டு. மேட்டில் த்ராட்டில் அகலத் திறக்கத் திறக்க எஞ்சினில் வெற்றிடம் குறைந்துகொண்டே போகும். அதாவது அதிகமாக இழுக்க வேண்டிய நேரத்தில்தான் இழுவிசை வற்றிப்போகும். அதற்காகவே ஒருவழி வால்வுடன் கூடிய சிறு சேமிப்புக் கலத்தை இடையில் வைப்பார்கள். கேபிளைக் கட்டுவதிலும் கவனம் தேவை. அதிகம் தொய்ந்திருந்தால் வேகம் பிடிபடத் தாமதமாகும். விறைப்பாக இருந்தால் த்ராட்டில் முழுதாக மூடாமல் எஞ்சின் எப்போதும் வேகமாகவே சுற்றும். சூடான புகைக்குழாயையோ ஸ்டீயரிங் தண்டையோ கேபிள் தொடக்கூடாது.

வேகத் தகவல் பெரும்பாலும் கியர்பாக்ஸில் உள்ள சென்சாரிலிருந்து மின் துடிப்புகளாக வருகிறது. சென்சார் இல்லாத மிகப் பழைய கார் என்றால், சக்கரத்தைச் சுழற்றும் தண்டில் காந்தங்களைக் கட்டி, பக்கத்தில் ஒரு சுருளைப் பொருத்தி அதிலிருந்து துடிப்பை எடுப்பார்கள்.

புதிய கார்களில் த்ராட்டில் கேபிளே கிடையாது. ஆக்சிலரேட்டர் மிதியில் உள்ள இரண்டு சென்சார்கள் தனித்தனி மின்னழுத்தங்களை ஈசியு என்ற எஞ்சின் கணினிக்கு அனுப்புகின்றன. கிட் அந்த மிதிக்கும் ஈசியுவுக்கும் நடுவே செருகப்பட்டு, யாரோ மிதிப்பது போன்ற மின்னழுத்தத்தைத் தானே அனுப்பும். மிதிப் பக்கத்தில் ஒயரை வெட்டாமல் வேலை முடிந்துவிடும். ஆனால் இரு சென்சார்களும் சொல்வது ஒத்துப்போகாவிட்டால் ஈசியு சந்தேகப்பட்டு எஞ்சின் சக்தியைக் குறைத்துவிடும். அதனால் கனெக்டர் ஒவ்வொன்றும் அழுத்தமாக உட்கார வேண்டும்.

மூன்றாவது வகை கார்களில் ஈசியுவுக்குள் க்ரூஸ் கன்ட்ரோல் மென்பொருள் ஏற்கெனவே இருக்கும். சுவிட்ச் மட்டும்தான் இருக்காது. டொயோட்டாவின் யாரிஸ், கொரோலா கார்களில் சில ஆண்டு மாடல்கள் இப்படிப்பட்டவை. ஸ்டீயரிங்கில் சுவிட்சைப் பொருத்தி, விடுபட்ட ஒயரை இழுத்தால் போதும். ஆனால் சுவிட்சின் இடத்தை அடைய ஏர்பேக்கைக் கழற்ற வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றியபின், ஏர்பேக் சர்க்கிட்டில் தேங்கிய மின்சாரம் வடியும்வரை, தயாரிப்பாளரின் சர்வீஸ் கையேடு சொல்லும் நேரம் காத்திருந்துதான் தொட வேண்டும். ஏர்பேக் ஒயர்கள் மஞ்சள் நிறக் கனெக்டரால் அடையாளம் தெரியும். அவற்றிலிருந்து எதற்கும் மின் இணைப்பு எடுக்கக் கூடாது.

வேகத்தைப் பிடித்துவைப்பதைவிட, வேண்டிய கணத்தில் விட்டுவிடுவதுதான் இந்த வேலையில் முக்கியம். பிரேக்கைத் தொட்டதும் கருவி விலகிவிட வேண்டும். பல கிட்களில் பிரேக் சுவிட்சுக்கும் பிரேக் விளக்குக்கும் இடையிலான ஒயரில் ஓர் இணைப்பு எடுக்கிறார்கள். பிரேக் மிதிக்காதபோது அந்த ஒயர், பல்பின் ஃபிலமென்ட் வழியாகக் காரின் உடம்போடு தொடர்பில் இருக்கும். கருவி அதைப் பார்த்துத்தான் வேலை செய்யும். மிதித்தவுடன் அதே ஒயரில் 12 வோல்ட் வரும், கருவி விடுபடும். பிரேக் விளக்குகள் எல்லாமே எரிந்துபோனாலும், ஒயர் அறுந்தாலும் கருவி இயங்கவே மறுக்கும். கோளாறு வந்தால் பாதுகாப்பான பக்கம் சாயும் ஏற்பாடு இது. பிரேக் விளக்கில் எல்இடி பல்பு மாட்டியவர்களுக்கு எல்லாம் சரியாக இணைத்தும் க்ரூஸ் வேலை செய்யாமல் போவதற்கும் இதுவே காரணம். எல்இடியில் ஃபிலமென்ட் இல்லை. அதற்கு ஒரு ரிலே சேர்க்க வேண்டும்.

கியர் மாற்றி ஓட்டும் காரில் கிளட்சுக்கும் தனி சுவிட்ச் வேண்டும். இல்லையென்றால் கிளட்ச் மிதித்ததும் வேகம் குறைவதாக எண்ணிக் கருவி த்ராட்டிலைத் திறக்க, பாரமில்லாத எஞ்சின் அலறும்.

பொருத்தி முடித்ததும் சோதனையை நின்ற காரிலிருந்து தொடங்க வேண்டும். சுவிட்ச், பிரேக், கிளட்ச் ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்க்கையில் கிட்டின் சிறு விளக்கு மாற வேண்டும். ஆக்சிலரேட்டரை விட்டதும் த்ராட்டில் முழுதாக மூடுகிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். பிறகு ஆளரவமற்ற நேரான சாலையில், பிரேக்கின் மேல் காலைத் தயாராக வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்க்கலாம். பல கருவிகள் மணிக்கு சுமார் 40 கிலோமீட்டருக்குக் கீழே இயங்குவதில்லை.

இந்த எளிய வகைக் கருவிக்கு முன்னே போகும் வண்டி தெரியாது. மழையில் நனைந்த சாலையிலும், நெரிசலிலும், வளைவுகள் நிறைந்த மலைப்பாதையிலும் இதை அணைத்துவைப்பதே சரி. வாரன்டி உள்ள காரானால் ஒயரைத் தொடுமுன் விற்பனையாளரிடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் கேட்டுக்கொள்வது நல்லது. பிரேக் ஒயரிங்கிலும் ஏர்பேக்கிலும் கைப்பழக்கம் இல்லாதவர்கள், அந்தப் பகுதியை மட்டுமாவது ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடலாம்.