முதலில் கேளுங்கள், சிஸ்டர்

வியட்நாம்காரர் ஒருவர் காய்ச்சலோடு தாம்பரம்–வேளச்சேரி சாலையில் உள்ள ஓர் ஆஸ்பத்திரிக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டெதாஸ்கோப் வைக்கச் சட்டையைத் தூக்கினால், முதுகெலும்பின் இருபுறமும் விலா வாட்டத்தில் சிவப்புச் சிவப்பாகக் கோடுகள். டியூட்டியில் இருக்கும் சிஸ்டருக்கு என்ன தோன்றும்? யாரோ அடித்திருக்கிறார்கள். குழந்தையின் முதுகாக இருந்தால் போலீசுக்குச் சொல்லலாமா என்றுகூடத் தோன்றும்.

அமெரிக்காவில் அப்படித்தான் தோன்றியது. 1975இல் சைகோன் வீழ்ந்த பிறகு அங்கே போய்ச் சேர்ந்த அகதிக் குடும்பங்களின் குழந்தைகளைப் பார்த்த டாக்டர்கள், பெற்றோர் அடித்த காயம் என்று சந்தேகப்பட்டார்கள். நடந்தது அதுவல்ல. தைலத்தைத் தடவி, நாணயத்தின் விளிம்பாலோ கரண்டியாலோ மேலிருந்து கீழாக அழுத்தி வழிப்பது வியட்நாமியர் வீடுகளில் உள்ள கைவைத்தியம். உடம்புக்குள் புகுந்த கெட்ட காற்று அதனால் வெளியேறும் என்பது நம்பிக்கை. பெயர் ‘காவ் ஸோ’. கோடு சில நாளில் மறைந்துவிடும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பாட்டி பாசத்தோடு செய்தது கொடுமைக் கணக்கில் எழுதப்பட்டது.

வியட்நாம்காரர் இங்கே எதற்கு வரப்போகிறார் என்று கேட்க முடியாது. வின்ஃபாஸ்ட் என்னும் வியட்நாம் நிறுவனத்தின் மின்சாரக் கார் ஆலை 2025 ஆகஸ்ட் 4 அன்று தூத்துக்குடியில் திறக்கப்பட்டது. நமக்கும் அவர்களுக்கும் உறவும் புதிதல்ல. நகரத்தார் கடை நடத்திய சைகோனில் மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் அங்கே வேலைக்குப் போய், வியட்நாமியப் பெண்ணை மணந்து திரும்பிய புதுச்சேரிக் குடும்பங்கள் உண்டு.

அயல் பண்பாட்டு நோயாளியைப் பராமரிப்பது எப்படி என்று நர்சிங்கில் ஒரு துறையே உருவாகியிருக்கிறது. அதைத் தொடங்கியவர் அமெரிக்க நர்ஸ் மேடலின் லைனிங்கர். 1960களில் பப்புவா நியூகினியில் கட்சுப் மக்களோடு தங்கி ஆராய்ந்தவர். நோயாளியின் வழக்கத்தை என்ன செய்வது என்பதற்கு அவர் மூன்று வழி சொன்னார். நல்லதென்றால் காப்பாற்று. கொஞ்சம் மாற்றினால் போதும் என்றால் இடம் கொடுத்து மாற்று. கெடுதல் என்றால், அவரையும் சேர்த்துக்கொண்டு வேறு வழிக்குத் திருப்பு. நாணயக் கோட்டை வைத்தே இதைப் பார்க்கலாம். சாதாரணச் சளிக்கு வழித்திருந்தால் விட்டுவிடலாம். டெங்குவாக இருந்து தட்டணுக்கள் குறைந்திருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தாலோ அதே வழிப்பு ஆபத்து. ஏன் கூடாது என்று பாட்டியிடம் உட்கார்ந்து பேசத்தான் வேண்டும். சென்னைக்கும் சரி, வியட்நாமுக்கும் சரி, டெங்கு நன்றாகத் தெரிந்த நோய்.

பிரசவ வார்டுக்கு வந்தால் நம் சிஸ்டர்களுக்குப் பாடமே தேவையில்லை. பிள்ளை பெற்றவள் உடம்பு குளிர்ந்து கிடக்கிறது, சூடேற்ற வேண்டும் என்பது வியட்நாமியர் கணக்கு. முதல் மாதம் பச்சைத் தண்ணீர் ஆகாது, காற்றுப் படக்கூடாது, குளியல் தள்ளிப்போகும். முன்பெல்லாம் கட்டிலுக்கு அடியில் கரிக்கணப்பு வைப்பார்கள். இஞ்சி, மிளகு, உப்பு தூக்கலான பன்றிக்கறி சாப்பாடு. பால் சுரக்கப் பன்றிக்காலும் பப்பாளிக்காயும் போட்ட சூப். நம் வீட்டில் பிரசவ லேகியம், பூண்டு, பால்சுறாப் புட்டு. பப்பாளிக்காய் என்றதும் ராஜகீழ்ப்பாக்கத்து மாமியார் பதறுவார். ஆனால் அவர் பதறுவது கர்ப்பிணிக்காக, அவர்கள் கொடுப்பது பெற்றெடுத்தவளுக்கு. பச்சைத் தண்ணீரே ஆகாது என்றிருப்பவளுக்கு ஃபிரிட்ஜ் தண்ணீரில் மாத்திரையைக் கொடுத்தால் வாங்கி ஓரமாக வைத்துவிடுவாள். வெந்நீர் கொடுப்பதற்கு எந்த ஆஸ்பத்திரிக்கும் பெரிய செலவில்லை. கரிக்கணப்பை மட்டும் அனுமதிக்க முடியாது. புகை தாய்க்கும் பிள்ளைக்கும் ஆகாது. அதற்குப் பதிலாகப் போர்வையும் காலுறையும் கொடுக்கலாம்.

சாப்பாடும் அப்படித்தான். உடம்புக்கு முடியாதபோது அவர்கள் கேட்பது அரிசிக் கஞ்சி. கேன்டீனில் கிடைப்பது சாம்பார் ஊற்றிய இட்லி, இல்லையென்றால் பன்னும் பாலும். கஞ்சியை உலகத்துக்கே சொல்லிக்கொடுக்கக்கூடிய ஊரில் நோயாளிக்குக் கஞ்சி கிடைக்கவில்லை என்பது எனக்கு ஆறவே ஆறாத விஷயம்.

பெயரில்தான் உண்மையான ஆபத்து. வியட்நாமில் குடும்பப் பெயர் முதலில் வரும், கூப்பிடும் பெயர் கடைசியில். பத்துப் பேரில் மூன்று நான்கு பேருக்குக் குடும்பப் பெயர் நுயென். அதை மட்டும் வைத்து ரத்தம் ஏற்றினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிறந்த தேதியையும் சேர்த்துப் பார்ப்பதே வழி. இனிஷியலோடு வாழும் நமக்கு இந்தக் குழப்பம் புரியும். வெளிநாட்டுப் படிவத்தில் அப்பா பெயரைக் குடும்பப் பெயர் என்று எழுதிவிட்டு, அப்பாவைக் கூப்பிடுகிறார்கள் என்று சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

இன்னொன்று தலையாட்டல். மரியாதைக்காக ஆட்டுவார்கள்; ‘நீங்கள் சொல்வது காதில் விழுகிறது’ என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இருக்காது. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஆபரேஷன் படிவத்தில் கையெழுத்து வாங்கக்கூடாது. ‘வீட்டுக்குப் போய் இந்த மாத்திரையை எப்படிச் சாப்பிடுவீர்கள்?’ என்று திருப்பிச் சொல்லச் சொன்னால் புரிந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். மொழிபெயர்க்க மகனையோ மருமகளையோ நம்பினால், புற்றுநோய் என்பது பாதி வழியில் ‘சின்னக் கட்டி’ ஆகிவிடும். ‘அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சிஸ்டர்’ என்று நம் வராந்தாக்களில் கேட்காத நாள் உண்டா? விவரத்தை யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை நோயாளியிடமே முதலில் கேட்டுவிடுவது நல்லது.

இதையெல்லாம் பட்டியலாக அச்சிட்டு நர்ஸ் ஸ்டேஷனில் ஒட்டினால் போதும் என்று நினைக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஹனோயில் படித்த இளம் என்ஜினீயர் நாணய வைத்தியத்தைக் கேட்டுச் சிரிக்கலாம். பட்டியல் என்பது என்ன கேட்கலாம் என்பதற்கான குறிப்பு மட்டுமே. வேலூர் சி.எம்.சி.க்கு வங்காளத்திலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் எவ்வளவு பேர் வருகிறார்கள்! வாசலைச் சுற்றி வங்காளப் பலகைகளும் மீன்குழம்புச் சாப்பாட்டுக் கடைகளும் வந்தன. வந்தவர் என்ன சாப்பிடுவார் என்பதைக் கடைக்காரர்கள் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

உறுத்துவது வேறு ஒன்று. தாம்பரம் சானடோரியத்தில் 1928இல் டாக்டர் சவுரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனை இருக்கிறது. அதை ஒட்டியே 2005இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் பத்தியம் மருத்துவம். இந்தப் பக்கம், பத்தியம் இருக்கிறேன் என்று சொன்ன கிராமத்துப் பெண்ணுக்குப் பல ஆஸ்பத்திரிகளில் கிடைப்பது திட்டு. வியட்நாமியரின் சூடு–குளிர்ச்சிக்குப் பண்பாடு என்று பெயர், நம் ஆயாவின் சூடு–குளிர்ச்சிக்கு அறியாமை என்று பெயர். காமாலைக்குக் குழந்தைக்குச் சூடு வைப்பதை நிறுத்தத்தான் வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் திட்டு வாங்கியவள் அடுத்த முறை சூடு வைத்ததை மறைப்பாள், நாட்டு மருந்து கொடுத்ததையும் மறைப்பாள். நஷ்டம் குழந்தைக்கு.

ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், சேலையூர் பக்கம் நர்சிங் ஹோம் நடத்துகிறவர்கள் அடுத்த முறை அட்மிஷன் படிவம் அச்சடிக்கும்போது நான்கு வரி சேர்த்துக்கொள்ளலாம்: எந்த மொழியில் பேச வேண்டும், எந்தப் பெயரால் கூப்பிட வேண்டும், யாரிடம் விவரம் சொல்ல வேண்டும், வீட்டில் என்ன வைத்தியம் பார்த்தார். வியட்நாம்காரர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பீகாரிலிருந்து வந்து இங்கே சென்ட்ரிங் வேலை பார்ப்பவர் இன்றைக்கே வருகிறார்.