அப்பம்மாவை அப்பா ஏன் ‘அம்மா’ என்கிறார்?

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீடு. அங்கே இருக்கும் வயதான பெண்ணை மகன் ‘அம்மா’ என்கிறார். மருமகள் ‘மாமி’ என்கிறார். பக்கத்து வீட்டுக்காரி ‘அக்கா’ என்கிறார். ஒன்றரை வயதுப் பேரப்பிள்ளை மட்டும் அவரை ‘அப்பம்மா’ என்று அழைக்க வேண்டும். கதிரையை யார் சொன்னாலும் கதிரைதான், காகத்தை யார் காட்டினாலும் காகம்தான். உறவுச்சொல் அப்படி நிற்பதில்லை. சொல்லும் வாய் மாறினால் சொல்லும் மாறிவிடும். இந்தச் சிக்கலிலிருந்து பிள்ளையை மீட்பது யார்? வீட்டுப் பெரியவர்கள்தான், அதுவும் தாங்கள் கற்பிக்கிறோம் என்று தெரியாமலே. “அப்பம்மா கூப்பிடுறா, ஓடுங்கோ” என்று மருமகள் தன் மாமியைச் சொல்கிறார். “அப்பம்மாட்டக் குடுங்கோ” என்று மகன் தன் அம்மாவைச் சொல்கிறார். “அப்பம்மாவுக்கு ஒரு கொஞ்சு தாங்கோ” என்று அந்தப் பெண்ணே தன்னைச் சொல்கிறார். கணவனைப் பேர் சொல்லியோ “இஞ்சாருங்கோ” என்றோ கூப்பிட்டவர்கூடப் பிள்ளை பிறந்தபின் “அப்பா, பிள்ளையைப் பிடியுங்கோ” என்கிறார். முழு வீடும் பிள்ளையின் இடத்தில் போய் நின்று பேசுகிறது. உறவுகளைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல வழி கிடையாது என்பதே என் கட்சி. படத்தைக் காட்டி “இது ஆர், சொல்லு” என்று பரீட்சை வைப்பதும், போனைக் கன்னத்தோடு ஒட்டி “மாமி சொல்லு, மாமி சொல்லு” என்று கெஞ்சுவதும் இதன் கால்தூசிக்கும் வராது.

பிள்ளை வெறுங்கையோடு பிறப்பதில்லை. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகள் வேறொரு பெண்ணின் குரலைவிடத் தங்கள் தாயின் குரலைக் கேட்கவே விரும்பின என்று 1980இல் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். வாயில் வைத்த சூப்பியை எப்படிச் சூப்பினால் அம்மாவின் குரல் வரும் என்பதைக் கண்டுபிடித்து அப்படியே சூப்பின அந்தக் குழந்தைகள். சொல்லும் ஆளும் இணையும் காலமும் நாம் நினைப்பதைவிட முந்தியது. 1999இல் டின்கொஃப், ஜுஸ்சிக் இருவரும் ஆறு மாதக் குழந்தைகளின் முன்னால் தாயின் படக்காட்சியையும் தந்தையின் படக்காட்சியையும் அருகருகே ஓடவிட்டார்கள். அம்மாவைக் குறிக்கும் சொல் ஒலித்தபோது குழந்தைகள் அம்மாவைக் கூடுதலாகப் பார்த்தன. அப்பாவைக் குறிக்கும் சொல்லுக்கு அப்பாவை. வேறு குழந்தைகளுக்கு முன்பின் தெரியாத ஓர் ஆணையும் பெண்ணையும் காட்டி அதே சொற்களை ஒலிக்கவிட்டபோது அப்படி எந்த வேறுபாடும் தெரியவில்லை. ஆறு மாதத்தில் ‘அம்மா’ என்பது பெண்களின் பெயரோ தாய்மாரின் பெயரோ அல்ல, தன்னைத் தூக்கும் அந்த ஒருத்தியின் பெயர். உறவுச்சொல் முதலில் ஆட்பெயராகத்தான் பிள்ளைக்குள் நுழைகிறது. அது உறவைக் குறிக்கிறது என்ற விளக்கம் வர ஆண்டுகள் பிடிக்கும். தனக்கு ஓர் அண்ணன் இருப்பதாகச் சொல்லும் சிறுவனிடம் “உன் அண்ணனுக்குச் சகோதரன் இருக்கிறானா?” என்று கேட்டால் “இல்லை” என்பான் என்று உளவியலாளர் பியாஜே 1920களிலேயே எழுதிவைத்தார். நாலைந்து வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் யாரும் இன்றே கேட்டுப் பார்க்கலாம்.

ஆட்பெயர் எப்படிப் படியும்? அந்த ஆளோடு புழங்கித்தான். சோறு தீத்துபவர், பின்னேரம் கடற்கரைப் பக்கம் ரயில் காட்டக் கூட்டிப்போகிறவர், சப்பாத்து மாட்டிவிடுபவர் என்று ஒவ்வொருவருக்கும் பிள்ளையின் நாளில் ஒரு வேலை இருக்கிறது; பெயர் அந்த வேலையில் ஒட்டிக்கொள்கிறது. அல்பத்தில் வேட்டியோடு நிற்கும் அப்பப்பாவுக்கு அப்படி ஒன்றும் இல்லை. படம் என்பதே சின்னக் குழந்தைக்குப் புதிர்தான். ஒன்பது மாதக் குழந்தைகள் படத்திலுள்ள பொருளைக் கையால் பிடித்தெடுக்கப் பார்க்கின்றன, ஒன்றரை வயதைத் தாண்டியவைதான் பெரும்பாலும் விரல் நீட்டிக் காட்டுகின்றன என்று 1998இல் டிலோச்சியும் அவருடைய குழுவினரும் கண்டார்கள். ஆகவே ஒன்பது மாதத்தில் அல்பத்தைச் சுரண்டும் பிள்ளையிடம் “இது ஆர்?” என்று கேட்பது நம் அவசரம். ஒரு வயதுக்கு மேல் காலி வீதியில் போகும் மீசைக்காரர் எல்லோரையும் பிள்ளை ‘அப்பா’ என்றால் பதறவும் வேண்டாம், கூட்டம் கூடிச் சிரிக்கவும் வேண்டாம். “அப்பா எங்கே?” என்று கேட்டுப் பாருங்கள், பல பிள்ளைகள் சரியான ஆளைத் திரும்பிப் பார்க்கும். வாயில் சொற்கள் குறைவு, இருப்பதை வைத்துச் சமாளிக்கிறது, அவ்வளவுதான்.

இங்கேதான் கொழும்புத் தமிழ் வீடுகளின் சொந்தப் பிரச்சினை வருகிறது. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குடும்பங்கள் சிதறின. வடக்கிலிருந்து வந்து இங்கே அறையெடுத்துத் தங்கி விசாவுக்குக் காத்திருந்தவர்களும் கடல் கடந்தார்கள். ஆகவே பிள்ளையின் உறவில் பாதிப் பேர் ‘கனடா மாமி’, ‘லண்டன் சித்தப்பா’ என்று ஊர்ப்பெயர் ஒட்டியவர்கள். அவர்களோடு எப்படிப் புழங்குவது? சின்னப் பிள்ளைக்குத் திரையே ஆகாது என்பவர்கள் உண்டு. அது நியாயமான பயமும்கூட. ஆனால் 18 மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத் திரையைத் தவிர்க்கச் சொன்ன அமெரிக்கச் சிறுவர் மருத்துவக் கழகமே 2016இல் வீடியோ அழைப்புக்கு மட்டும் விலக்கு அளித்தது. காரணம் இருக்கிறது. 2014இல் வெளிவந்த ரோஸ்பெரி குழுவினரின் ஆய்வில், இரண்டு முதல் இரண்டரை வயதுப் பிள்ளைகள் நேரில் பழகியவரிடமிருந்தும் வீடியோ அழைப்பில் பேசியவரிடமிருந்தும் புதுச் சொற்களைக் கற்றார்கள். பதிவுசெய்த காட்சியிலிருந்து கற்கவில்லை. திரையல்ல, பிள்ளை செய்வதற்குப் பதில் வருகிறதா என்பதுதான் விஷயம். மாமி அனுப்பிய பிறந்தநாள் வீடியோவைப் பத்துத் தடவை போட்டுக் காட்டுவதைவிட, அவர் வீடியோ அழைப்பில் வந்து பிள்ளை ஒளிய ஒளியத் தேடுவது மேல். பிள்ளை பந்தைத் தூக்கிக் காட்டினால் மாமியும் அங்கே ஒரு பந்தை எடுக்கட்டும். பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்து “மாமிட கையில என்ன?” என்று பார்வையைத் திருப்பிவிட வேண்டும், அங்கிருந்து மாமி விரல் நீட்டினால் அது எதை நோக்குகிறது என்று பிள்ளைக்கு விளங்காது. அப்படியெல்லாம் செய்தும், கட்டுநாயக்காவில் வந்திறங்கும் மாமியைக் கண்டு பிள்ளை அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளியலாம். கோபிக்காதீர்கள். அந்த வயதில் புது உடம்புக்கும் மணத்துக்கும் பயப்படுவது வளர்ச்சியின் இயல்பு. மாமி தரையில் உட்கார்ந்து, திரையில் விளையாடிய அதே விளையாட்டைத் தொடங்கினால் பெரும்பாலும் காரியம் நடக்கும்.

இன்னொரு வாதம் அடிக்கடி கேட்கிறது: இரண்டு வயதுப் பிள்ளைக்கு உறவு விளங்காது என்றால் இத்தனை சொல் எதற்கு, எல்லோரையும் ‘ஆன்டி’, ‘அங்கிள்’ என்று விட்டால் என்ன? விளங்காது என்பதால்தான் சொல்கிறேன். பிள்ளைக்கு எல்லாமே ஆட்பெயர் என்றால் ‘சின்னம்மா’வும் ‘ஆன்டி’யும் ஒரே பாரம்தான், செலவு இல்லை. ஆனால் ஏழெட்டு வயதில் அந்தச் சொற்கள் தாமாகத் திறந்துகொள்ளும்போது உள்ளே இருப்பதில் வித்தியாசம் உண்டு. அம்மாவின் சகோதரிகள் பெரியம்மா, சின்னம்மா என்று அம்மாவின் வரிசையில் வருகிறார்கள். அப்பாவின் சகோதரி மாமி. சின்னம்மாவின் மகன் அண்ணனோ தம்பியோ, மாமியின் மகன் மச்சான். 1871இல் உலக உறவுமுறைகளைத் தொகுத்த லூயிஸ் மோர்கன் வியந்து நின்ற ஒழுங்கு இது. சிங்களத்திலும் இதே அமைப்புத்தான். அவர்களுடைய ‘புஞ்சி அம்மா’ நமது சின்னம்மாவேதான். அங்கே ‘தாத்தா’ என்றால் அப்பா, கொழும்பு முஸ்லிம் வீட்டில் ‘தாத்தா’ என்றால் அக்கா, கொட்டாஞ்சேனையில் இந்திய வம்சாவளிக் குடும்பத்தில் அப்பாவின் அப்பா. ஒரே ஒழுங்கையில் விளையாடும் பிள்ளைக்கு இது தலைசுற்றாதா என்றால், சுற்றுவதில்லை. எந்த வீட்டில் எந்தச் சொல் என்பதை இருமொழிப் பிள்ளைகள் ஆளை வைத்தே பிரித்துக்கொள்கிறார்கள். குழம்புவது பெரியவர்கள்தான்: அம்மா வழி ‘அத்தை’ என்றும் அப்பா வழி ‘மாமி’ என்றும் ஒரே ஆளுக்கு இழுபறிப்படுவதுண்டு. ஒருவருக்கு ஒரு பெயர் என்று வீட்டில் முடிவெடுத்துக்கொண்டால் போதும்.

பரீட்சை வேண்டாம் என்றால் பிள்ளை கற்கிறதா என்று எப்படி அறிவது என்ற கேள்வி நியாயமானது. சொல்ல வைக்காமலே அறியலாம். “அம்மம்மாட்டக் குடுத்துட்டு வாங்கோ” என்று ஒரு கரண்டியைக் கொடுத்தனுப்புங்கள்; கரண்டி யாரிடம் போகிறது என்பதே விடை. ஒரு வயதாகியும் தன் பெயருக்குத் திரும்பாத, எதையும் விரல் நீட்டிக் காட்டாத, அல்லது ஒன்றரை வயது நெருங்கியும் ஒரு சொல்லும் வராத பிள்ளையை மட்டும் கிளினிக்கில் காட்டிக் கேளுங்கள். ‘ஆம்பிளைப் பிள்ளை பிந்தித்தான் பேசும்’ என்று ஆறப்போட வேண்டாம்.

உறவுச்சொல்லுக்கு ஓர் எல்லை உண்டு; அது வீட்டு வாசலோடு முடிகிறது. ஆடிவேல் தேர்க்கூட்டத்திலோ ஜூன் 13இல் கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழாவிலோ தவறிப்போன பிள்ளை, அம்மாவின் பெயர் என்ன என்று பொலிஸ் கேட்டால் “அம்மா” என்றே சொல்லும். பெற்றோர் பெயரைப் பிள்ளை வாயால் சொல்வது மரியாதைக் குறைவு என்று சில பெரியவர்கள் தடுப்பார்கள். கூப்பிடுவதற்கு அல்ல, கேட்டால் சொல்வதற்கு என்று அவர்களுக்கு விளக்குங்கள். மூன்று வயது தாண்டியதும் அம்மா, அப்பாவின் முழுப்பெயரையும், அதன்பின் வீதியின் பெயரையும், நாலைந்து வயதில் ஒரு தொலைபேசி இலக்கத்தையும் பழக்கிவிடுங்கள். மனப்பாடம் தேவைப்படும் பகுதி இது ஒன்றுதான்.