வீட்டுக்கு வழி இருக்கிறதா?

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்குப் பேர்போன ஊர். இங்கிருந்து லாரி லாரியாகக் காய்கறி கேரளத்துக்குப் போகிறது. திண்டுக்கல்–பழனி ரயில் பாதையில் ஸ்டேஷனும் உண்டு.

ஊரை ஒட்டி ஒரு வீடு வாங்க யாருக்கும் ஆசை வரும். "சந்தை பக்கம், ஸ்டேஷன் பக்கம்" என்பார் தரகர். அது கண்ணுக்குத் தெரிகிற சங்கதி. தெரியாதது பத்திரத்தில் இருக்கிறது!

ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 5 சென்ட் என்றால் 2,178 சதுர அடி. டேப் பிடித்து அளந்துவிடலாம். அதைவிட முக்கியம் நான்கெல்லை. பத்திரத்தில் "வடக்கே பொதுப்பாதை" என்று இருந்தால் நல்லது. "வடக்கே இன்னார் தோட்டம்" என்று இருந்தால்? இன்று வண்டி போகிற வழி அந்தத் தோட்டக்காரர் தயவு! நாளை அவர் வேலி போட்டால், சொந்த வீட்டுக்குப் போகக் கோர்ட்டுக்கு நடக்க வேண்டும்.

விளைநிலத்தைக் கூறு போட்ட மனையா? அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள். அங்கீகாரமில்லாத புது மனையைப் பதிவு செய்யத் தடை உண்டு.

சார்பதிவாளர் ஆபீசில் வில்லங்கச் சான்று வாங்கினால், பதிவான அடமானம் தெரிந்துவிடும். மூலப் பத்திரத்தின் நகல் போதாது; அசலையே பார்க்க வேண்டும். "அசல் பாங்கில் இருக்கிறது" என்றால், கடன் தீரும் கணக்கு தெரியும் வரை அட்வான்சை மடியிலேயே வைத்திருங்கள்.