தட்டிப் பார்க்காமல் வாங்கிய தாய்ப்பலகை

காலணாச் சட்டியானாலும் தட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்பது நம் பாட்டிமார் விட்டுச் சென்ற பொருளாதார சாஸ்திரம். சட்டியைச் செய்தவர் யார், எந்த ஊர்க்காரர் என்று அவர்கள் விசாரித்ததில்லை. விரல் கணுவால் ஒரு தட்டு. 'டங்' என்று நாதம் எழுந்தால் சட்டி வீட்டுக்கு வரும். 'டப்' என்றால் கடையிலேயே தங்கிவிடும். பட்டம் பெற்ற நாம் இந்தச் சாஸ்திரத்தை மறந்தோம். அதற்குரிய பலனையும் அனுபவித்தோம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் நேயர்களில் சிலராவது இதே தவறிலிருந்து தப்பலாம் என்பதற்காகச் சொல்கிறோம்.

மறைமலை நகரில் நாம் பணிபுரியும் பள்ளிக்கூடத்தில் ஒரு கம்ப்யூட்டர் அறை உண்டு. பெற்றோர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கொடுத்த பணத்தில் அங்கே 10 கம்ப்யூட்டர்களைப் புதுப்பித்தோம். கடைக்காரர்கள் 'மதர்போர்டு' என்று சொல்லும் தாய்ப்பலகைதான் கம்ப்யூட்டருக்கு ஆதாரம். மற்ற உறுப்புகளெல்லாம் அதன் மேல் அமர்ந்தே உயிர் பெறுகின்றன. பிரபலமான பலகையின் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று, பெயரே கேள்விப்படாத இரண்டு சீனக் கம்பெனிகளின் பலகைகளை வாங்கி வந்தோம். ஒன்றில் ஆறு, மற்றொன்றில் நான்கு. தேர்ந்தெடுத்தவர் வேறு யாருமல்ல, நாமேதான்!

இரண்டாவது வருஷம் முடிவதற்குள் அந்த ஆறில் நான்கு கண் மூடிவிட்டன. பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வோ நெருங்கிக் கொண்டிருந்தது. நாற்பது மாணவர்கள், மிஞ்சியவை ஆறு கம்ப்யூட்டர்கள். "சீனச் சரக்கு என்றால் இப்படித்தான்!" என்றார்கள் எல்லோரும். நாமும் அதையே சொன்னோம். அப்படிச் சொல்லிவிட்டால் குற்றம் நம்மை விட்டு நீங்கிவிடுகிறதல்லவா? ஆனால் ஒரு கேள்வி மட்டும் மனத்தை உறுத்திற்று. மற்ற நான்கு பலகைகளும் சீனச் சரக்குத்தானே? அவை ஏன் ஒரு குறையுமின்றி ஓடுகின்றன?

விடை சொன்னவள் நம் பழைய மாணவி ஒருத்தி. ஒரகடத்துப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மின்னணுப் பலகைகளைப் பரிசோதிப்பது அவள் வேலை. இறந்த பலகை ஒன்றையும் உயிரோடிருந்த பலகை ஒன்றையும் மேஜை மேல் வைத்து, "சார், பெயரைத் திட்டாதீர்கள், பலகையைப் பாருங்கள்" என்றாள்.

முதலில் அவள் காட்டியது, சிறு தகர டப்பிகளைப் போல் நிற்கும் கெபாசிடர்களை. செத்த பலகையில் அவற்றின் தலை உப்பியிருந்தது. ஒன்றில் பழுப்பு நிறத் திரவம் கசிந்திருந்தது. இவ்வகைக் கெபாசிடர் மீது '105 டிகிரி' என்று அச்சிட்டிருக்கும். சாதாரண ரகம் அந்தச் சூட்டில் சுமார் 2,000 மணி நேரம் உழைக்கும். சூடு பத்து டிகிரி குறையும்தோறும் ஆயுள் இரட்டிக்கும் என்பது பொதுக் கணக்கு. 75 டிகிரியில் 16,000 மணி. நம் அறையில் ஒரு கம்ப்யூட்டர் வருஷத்துக்கு ஏறக்குறைய 1,200 மணி ஓடுகிறது. ஆகவே 75 டிகிரியில் பதின்மூன்று வருஷம் உழைக்க வேண்டியது, 105 டிகிரியில் இரண்டு வருஷங்கூடத் தாங்காது!

அத்தனை சூடு எங்கிருந்து வந்தது? 65 வாட் பிராசஸர் சுமார் 1.2 வோல்ட்டில் இயங்கும்போது 54 ஆம்பியர் மின்சாரத்தைக் குடிக்கிறது. 12 வோல்ட்டை இறக்கி அதைக் கொடுக்கும் பகுதியில் மூன்று கிளைகள் இருந்தால் ஒவ்வொன்றும் 18 ஆம்பியர் சுமக்க வேண்டும்; ஆறு இருந்தால் 9 ஆம்பியர்தான். செத்த பலகையில் மூன்றே கிளைகள். அவற்றின் மீது சூட்டை வாங்கும் அலுமினியத் தகடு இல்லை. கெபாசிடர்களோ அவற்றை ஒட்டியே நின்றன. பங்குனி, சித்திரை மாதங்களில் செங்கற்பட்டு வட்டாரத்தின் வெயிலையும் இதோடு சேர்த்துக் கொள்ளுங்கள். உயிரோடிருந்த பலகையில் ஆறு கிளைகள், ஒரு தகடு. கெபாசிடர்களும் நெடுநாள் உழைக்கும் பாலிமர் ரகம். இத்தனையும் கண்ணாலேயே எண்ணிப் பார்க்கக் கூடியவை. நாம்தான் எண்ணவில்லை.

பெரிய பெயர் இருந்தால் இந்த ஆபத்து இல்லையா என்று நேயர்கள் கேட்கலாம். 1999 முதல் 2007 வரை உலகெங்கும் குறைபாடுள்ள கெபாசிடர்கள் பரவி, புகழ் பெற்ற கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களையும் சாய்த்தன. பழுதான கம்ப்யூட்டர்களைச் சரி செய்வதற்காக 2005-இல் டெல் கம்பெனி 30 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது. பெயர் ஒரு சாட்சியே; தீர்ப்பு அல்ல.

வேதாசலம் என்ற தம் பெயரை மறைமலை என்று தமிழாக்கிக் கொண்ட பேரறிஞரின் பெயரைத் தாங்கியது நம் ஊர். அவர் பெயரில் சொல் மாறிற்று, பொருள் மாறவில்லை. மலிவான பலகைகள் சிலவற்றிலோ பெயர் மட்டும் புதிது. உள்ளே இருப்பது பழையது. இன்டெல் 2011-இல் வெளியிட்ட எச் 61 என்ற சிப்செட்டை வைத்த பலகைகள், பல வருஷங்களுக்குப் பின்னும் புதுப் பெட்டியில் விற்பனைக்கு வருகின்றன. பழைய பலகைகளிலிருந்து சிப்செட்டைக் கழற்றிப் புதிய பலகையில் பற்றவைப்பதும் உண்டு. எக்ஸ் 99 என்று பெயர் எழுதி, உள்ளே வேறு சிப்செட் வைப்பதும் உண்டு. பழையதை விற்பது பாவமல்ல. பழையதென்று சொல்லாமல் விற்பதே பாவம். சி.பி.யு-இசட் என்ற இலவச நிரலை ஓட்டினால் உள்ளே இருப்பது இன்னதென்று தெரிந்துவிடும். செத்த பலகைகளின் இனத்தில் மிஞ்சிய இரண்டில் அதை ஓட்டிப் பார்த்தோம். கம்பெனியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், 'உற்பத்தியாளர் நிரப்ப வேண்டியது' என்ற பொருளுள்ள ஆங்கில வாசகம் அப்படியே நின்றது! தன் பெயரைக்கூட எழுதச் சோம்பியவர் மற்ற வேலையை எப்படிச் செய்திருப்பார்?

இன்னொரு விசித்திரமும் வெளிப்பட்டது. வலையில் சேரும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் 'மாக் விலாசம்' என்று தனி எண் உண்டு. அந்த இரண்டு பலகைகளுக்கும் ஒரே எண்! ஒரு தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? அந்த இரண்டும் சேர்ந்து ஓடும்போதெல்லாம் இணைப்பு ஏன் அறுந்ததென்று அன்றுதான் விளங்கிற்று.

இங்கே நம் நாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. தாய்ப்பலகைகளுக்குப் பேர்போன அஸூஸ் கம்பெனி 2008-இல் தன் உற்பத்திப் பிரிவைப் பிரித்தது, அதுவே பெகாட்ரான். அந்தப் பெகாட்ரான் 2022-இல் நமக்கு அருகிலுள்ள மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் செல்போன் தொழிற்சாலை திறந்தது. 2025 ஜனவரியில் டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் அதில் 60 சதவீதப் பங்கை வாங்கிற்று. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014-இல் மூடப்பட்டது. ஆலை வரலாம், போகலாம்; அங்கே கற்ற கண் நம்மிடம் தங்கிவிடுகிறது. பற்றவைப்பு எப்படி இருந்தால் ஏற்கலாம், எப்படி இருந்தால் தள்ளலாம் என்று வகுத்துச் சொல்லும் ஐ.பி.சி.-ஏ-610 என்ற உலக விதிகளைப் போன்றவற்றை, அதிகாலையில் கம்பெனி பஸ் ஏறிப் போகும் நம் பெண்கள் கண்ணளவில் அறிந்திருக்கிறார்கள். மின்னணு உதிரி பாகங்களை இங்கேயே செய்ய மத்திய சர்க்கார் 2025-இல் ரூ. 22,919 கோடித் திட்டம் வகுத்தது. நல்லதே. ஆனால் பிறர் சரக்கைப் பழிப்பது சுதேசியம் ஆகிவிடாது. நல்லதையும் கெட்டதையும் பிரித்தறியும் கண்ணே சுதேசியத்தின் முதல் மூலதனம். அந்தக் கண் இல்லாவிட்டால் நாளைக்கு நம் நாட்டுப் பலகையையும் ஏமாந்துதான் வாங்குவோம்.

பள்ளிக்கூடத்துக்கு மறுபடி நான்கு பலகைகள் வாங்கினோம். இம்முறை கடைக்கு அந்தப் பெண்ணையும் அழைத்துச் சென்றோம். அவள் கிளைகளை எண்ணினாள், தகட்டைத் தொட்டுப் பார்த்தாள், ஓட்டிக் காட்டச் சொன்னாள், "பழுதானால் மாற்றித் தருவது யார்? எத்தனை வருஷம்? எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டாள். எழுதித் தர மறுத்த கடையை விட்டு வெளியேறினாள். கடைசியில் வாங்கியதும் அதிகம் பெயர் தெரியாத சீனப் பலகைதான். ஆனால் தட்டிப் பார்த்து வாங்கியது.

செய்முறைத் தேர்வு குறித்த நாளில் நடந்தது. பத்துக் கம்ப்யூட்டர்களும் ஓடின. செத்த நான்கு பலகைகளையும் நாம் எறியவில்லை. வகுப்பறைச் சுவரில் மாட்டியிருக்கிறோம். பாடம் நடத்த அவற்றைப் போல் உதவும் பலகை வேறில்லை.