உள்ளே போகாதீங்க... சுத்திப் பாருங்க! இங்கிலாந்தின் குட்டி ஓக் காட்டுக்கு ஒரு நடை

அந்த ரீல் உங்க ஃபீடுக்கும் ஒருமுறையாவது வந்திருக்கும். பனிமூட்டம், பச்சைப் பாசி போர்த்திய பாறைகள், அதுக்கு நடுவுல கை காலை முறுக்கிக்கிட்டு நிக்கிற குள்ள மரங்கள். பின்னணியில ஒரு புல்லாங்குழல். கீழே கமென்ட்டில் பாதிப் பேர் 'இது கிராஃபிக்ஸ்தானே?' என்பார்கள். மீதிப் பேர் 'லொகேஷன் ப்ளீஸ்' என்பார்கள்.

கிராஃபிக்ஸ் கிடையாது. லொகேஷன்: விஸ்ட்மன்ஸ் வுட், டார்ட்மூர், டெவன் மாவட்டம், தென்மேற்கு இங்கிலாந்து. ஆனா இந்த 'லொகேஷன் ப்ளீஸ்'தான் இப்போ அந்தக் காட்டுக்கே பிரச்னை.

காடு என்றதும் பெருசா கற்பனை பண்ணிக்காதீங்க. மொத்தமே சுமார் மூன்றரை ஹெக்டேர். நம்ம கணக்கில் எட்டு, ஒன்பது ஏக்கர். அதுவும் ஒரே துண்டு இல்லை. மேற்கு டார்ட் ஆற்றின் பள்ளத்தாக்கில், சரிவை ஒட்டி மூன்று தோப்புகளாகப் பிரிந்து கிடக்கிறது. சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மரமே இல்லாத புல்வெளி, சேற்று நிலம், மலை உச்சிகளில் கிரானைட் பாறைக் குவியல்கள். இந்தப் பாறைக் குவியல்களை அங்கே 'டோர்' என்கிறார்கள்.

வேடிக்கை என்னன்னா, இந்த மொட்டை வெளிக்குத்தான் 'ஃபாரஸ்ட் ஆஃப் டார்ட்மூர்' என்று பெயர். பழைய ஆங்கிலச் சட்டத்தில் ஃபாரஸ்ட் என்றால் ராஜா வேட்டையாட ஒதுக்கிய நிலம். மரம் இருக்கணும்னு கட்டாயம் இல்லை. இங்கே இருந்த மரங்களில் பெரும்பகுதியை ஆதிமனிதர்கள் காலத்திலேயே வெட்டி மேய்ச்சலுக்கு விட்டாயிற்று. வெண்கலக் காலத்து வட்ட வீடுகளின் கல் அஸ்திவாரங்கள் இன்னும் காட்டுக்குப் பக்கத்திலேயே கிடக்கின்றன. அவ்வளவு பெரிய டார்ட்மூரில் இந்த உயரத்தில் தப்பிப் பிழைத்த ஓக் காடுகள் மொத்தம் மூன்றுதான். அதில் ஒன்று இது.

மரம் ஏன் குள்ளம்?

இது கடல் மட்டத்தில் இருந்து சுமார் 400 மீட்டர் உயரம். நம்ம ஊர் மலைகளோட ஒப்பிட்டா ஒண்ணுமே இல்லைதான். ஆனா அட்லான்டிக் கடலில் இருந்து வரும் காற்றும் மழையும் குளிரும் நேராக வந்து மோதுகிற இடம் இது. மண்ணோ மெல்லிசு, அமிலத்தன்மை வேறு. சமவெளியில் இருபது, முப்பது மீட்டர் வளரும் அதே ஓக் மரம் இங்கே தலையைத் தூக்கவே பயந்து, பக்கவாட்டில் படர்ந்து, பாறை மேல் முழங்கையை ஊன்றி வளர்ந்திருக்கிறது. 1620 வாக்கில் எழுதப்பட்ட குறிப்பின்படி, அப்போது இந்த மரங்களின் உச்சியே ஒரு ஆளின் தலை உயரம்தான். கடந்த நூறு வருஷத்தில்தான் கொஞ்சம் நிமிர்ந்து, சராசரியாக ஏழு மீட்டரைத் தொட்டிருக்கின்றன.

அப்போ வயசு? அந்தச் சந்தேகம் 1866-ல் வென்ட்வொர்த் புல்லர் என்பவருக்கும் வந்தது. அவர் முறைப்படி அனுமதி வாங்கி ஒரு மரத்தை வெட்டி, வளையங்களை எண்ணிப் பார்த்தார். அடிமரத்தின் விட்டம் ஒன்பது அங்குலம், அதாவது நாம சாப்பிடுற ஒரு சின்னத் தட்டு அளவு. வயசு 168! அந்தத் தகவலைப் பக்கத்தில் இருந்த பாறையிலேயே செதுக்கியும் வைத்தார்கள். காட்டின் ஓரத்தில் அந்த 'புல்லர் கல்' இன்னும் இருக்கிறது. வயசைத் தெரிஞ்சுக்க ஆளையே கொன்ன கதை. இங்குள்ள மூத்த மரங்களுக்கு 400 முதல் 500 வயசு இருக்கலாம் என்பது இன்றைய கணிப்பு.

பாறை போட்ட வேலி

சுற்றியிருந்த மரமெல்லாம் போயும் இது மட்டும் எப்படிப் பிழைத்தது? விடை உங்க ரீலிலேயே இருக்கு. அந்தப் பாறைகள்தான்.

ஓக் காய் தரையில் விழுந்து முளைத்ததும் அதற்கு முதல் எதிரி ஆடு, மாடு, டார்ட்மூரின் மட்டக்குதிரைகள். பிஞ்சு இலை கண்ணில் பட்டால் ஒரே கடி, அத்தோடு கதை முடிந்தது. இங்கேயோ வீட்டு அலமாரி சைஸுக்குக் கிரானைட் பாறைகள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சரிந்து கிடக்கின்றன. அவற்றின் இடுக்குக்குள் விழுந்த விதைக்கு ஆட்டின் வாய் எட்டாது. ஆடு அதற்கு மேல் ஏறினால் கால் மாட்டிக்கொள்ளும். வண்டி கட்டி மரம் வெட்ட வந்தவர்களுக்கும் அதே கதிதான். இப்படியே நூற்றாண்டுகள் ஓடிவிட்டன.

பாறை மேல் பாசி, மரத்தின் மேலும் பாசி. கிளைகளில் பெரணிச் செடிகள் குடித்தனம் நடத்துகின்றன. கூடவே கொத்துக் கொத்தாக லைக்கன்கள். லைக்கன் என்றால் ஏதோ அந்நியப் பொருள் என்று நினைக்க வேண்டாம். பிரியாணிக்கும் செட்டிநாட்டுக் குழம்புக்கும் போடுகிற கல்பாசி இருக்கே, அதுவும் ஒரு லைக்கன்தான். பூஞ்சையும் பாசியும் கூட்டுக்குடும்பமாக வாழும் உயிர். விஸ்ட்மன்ஸ் வுட்டின் கிளைகளில் தொங்கும் சில வகைகள் பிரிட்டனிலேயே மிக அரிதானவை. அதிக மழை, அதிகம் மாறாத ஈரம், மரத்தின் மேலே செடி என எல்லாம் சேர்வதால் இதை 'மிதவெப்ப மழைக்காடு' என்று வகைப்படுத்துகிறார்கள். ஆமாம், இங்கிலாந்திலும் மழைக்காடு உண்டு. பிரிட்டனின் மொத்த நிலத்தில் இப்போது ஒரு சதவிகிதம்கூடத் தேறாது என்பதுதான் சோகம்.

இப்படி ஒரு இடத்துக்குப் பேய்க்கதை இல்லாமல் இருக்குமா? டெவன் பேச்சுவழக்கில் 'விஷ்ட்' என்றால் அமானுஷ்யமான, மனசைப் பிசையும் என்ற மாதிரி ஒரு அர்த்தம். இரவில் சாத்தானின் வேட்டைநாய்கள் இந்தக் காட்டில் இருந்துதான் கிளம்பும் என்பது ஊர்க்கதை. ஷெர்லாக் ஹோம்ஸ் ரசிகர்களுக்கு இந்நேரம் பொறி தட்டியிருக்கும். ஆர்தர் கோனன் டாயலின் 'பாஸ்கர்வில் வேட்டைநாய்' கதை நடப்பது இதே டார்ட்மூரில்தான்.

எனக்கு அந்த நாய்களைவிட உறுத்துவது காட்டுக்கு வடக்கே போகும் 'லிச் வே' என்ற பாதை. லிச் என்றால் பழைய ஆங்கிலத்தில் பிணம். இந்தப் பக்கத்து மக்கள் யார் இறந்தாலும், மழையோ பனியோ, பல மைல் தூரம் சுமந்துபோய் லிட்ஃபோர்ட் தேவாலயத்தில்தான் அடக்கம் செய்யணும். 1260-ல் எக்ஸிடர் பிஷப் மனமிறங்கி, தூரத்துக் குடும்பங்கள் சிலவற்றுக்குப் பக்கத்து ஊரான வைட்கம் தேவாலயத்தை அனுமதித்தார். அந்தப் பாதையில் இன்று மக்கள் முதுகில் பையோடு ஹைக்கிங் போகிறார்கள்.

செருப்பும் செல்ஃபியும்

சரி, பிரச்னைக்கு வருவோம். ஆட்டைத் தடுத்த பாறை, மனுஷனைத் தடுக்கவில்லை. லாக்டௌன் தளர்ந்த பிறகு கூட்டம் எகிறியது. மரக்கிளையில் ஏறி போஸ், பாறைக்குப் பாறை தாவி வீடியோ, சிலர் இரவில் கூடாரம் போட்டுத் தீயும் மூட்டியிருக்கிறார்கள்.

'நடந்தா என்ன ஆகிடும்?' என்று தோணலாம். பாசிக்கு நிஜமான வேர் கிடையாது. பாறையின் மேல்தோலைச் சும்மா பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஷூ காலை வைத்து லேசாக வழுக்கினாலே பாய் மாதிரி சுருண்டு பெயர்ந்துவிடும். ஒருத்தர் மிதித்த இடத்தில்தான் அடுத்தவரும் மிதிப்பார். கொஞ்ச நாளில் அது மொட்டைப் பாறை. திரும்பப் பாசி மூட வருஷக்கணக்கில் ஆகும். பாறை இடுக்கில் தப்பித்த ஓக் கன்றும் அதே காலடியில்தான் நசுங்குகிறது.

அதனால்தான் பூங்கா நிர்வாகமும், இயற்கைப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பும் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறார்கள்: தயவுசெய்து உள்ளே நடக்க வேண்டாம், ஓரமாகச் சுற்றி வந்து பாருங்கள்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. 1985-ம் ஆண்டு வந்த டார்ட்மூர் சட்டப்படி இங்கே பொது மேய்ச்சல் நிலங்களில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம், குதிரையில் போகலாம். இங்கிலாந்தில் இது பெரிய விஷயம். அங்கே பாதையை விட்டு விலகி இஷ்டம்போல் சுற்றும் உரிமை இருப்பது நாட்டின் வெறும் எட்டு சதவிகித நிலத்தில்தான். மற்ற இடங்களில் பொதுப்பாதை என்று குறித்த கோட்டிலேயே நடக்கணும். இருக்கிற உரிமைக்கும் அடிக்கடி சோதனை வரும். டார்ட்மூரில் ஒரு நில உரிமையாளர் தம்பதி, 'நடக்கலாம், ஆனா கூடாரம் போட்டுத் தங்குவது சட்டத்தில் இல்லை' என்று வழக்குப் போட்டார்கள். 2023 ஜனவரியில் ஜெயித்தார்கள், அதே ஜூலையில் மேல்முறையீட்டில் தோற்றார்கள், கடைசியில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதற்காக எங்கே வேண்டுமானாலும் தங்கலாம் என்றில்லை. இந்தக் காட்டுக்குள் கூடாரம் போடக் கூடாது.

இப்படிப் போராடி வாங்கின உரிமை உள்ள ஊரில், வேலி போட்டுத் தடுக்காமல் 'ப்ளீஸ்' என்று கேட்கிறார்கள். இது எனக்குப் பிடிச்சிருக்கு. கொஞ்சம் பயமாகவும் இருக்கு, ஏன்னா 'ப்ளீஸ்' வேலை செய்யலைன்னா அடுத்தது வேலிதான்.

எப்படிச் சுற்றுவது?

யு.கே-வில் படிக்கிற, வேலை பார்க்கிற ஃப்ரெண்ட்ஸ் இருந்தா இதை ஃபார்வர்ட் பண்ணுங்க. லண்டன் பேடிங்டனில் ரயில் ஏறினால் எக்ஸிடருக்கு இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். அதற்குப் பிறகு பஸ் குறைவு, நாலு பேர் சேர்ந்து கார் எடுப்பது உத்தமம். டூ பிரிட்ஜஸ் என்ற இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு வடக்கே நடந்தால், சுமார் இரண்டு கிலோமீட்டரில் காட்டின் தெற்கு ஓரம் வந்துவிடும்.

அங்கே நின்று நிதானமாகப் பாருங்கள். ஓரத்தில் இருந்தே அந்த முறுக்கின கிளைகளும் பாசியும் நல்லாத் தெரியும். ஃபோட்டோவும் எடுக்கலாம். பிறகு வலது பக்கச் சரிவில் ஏறுங்க. மேலே லாங்கஃபோர்ட் டோர், 507 மீட்டர். அங்கிருந்து திரும்பிப் பார்த்தால்தான் இந்தக் காட்டின் உண்மையான அளவு உறைக்கும்: அவ்வளவு பெரிய பழுப்பு வெளியில் ஒரு பச்சைக் கீறல். எதிர்ச் சரிவில் கோடு மாதிரி ஓடுவது 1790-களில் கடற்படைத் துறைமுகத்துக்குக் குடிநீர் கொண்டுபோக வெட்டிய வாய்க்கால்.

அப்படியே மலை முதுகிலேயே தெற்கே இறங்கினால் லிட்டஃபோர்ட் டோர், அடுத்து கிராக்கர்ன் டோர். இந்தக் கடைசிப் பாறையில்தான் ஒரு காலத்தில் டெவன் பகுதியின் தகரச் சுரங்கத் தொழிலாளர்கள் தங்களுக்கென்று தனி நாடாளுமன்றம் கூட்டினார்கள், கூரையே இல்லாமல். அங்கிருந்து கொஞ்சம் இறங்கினால் டூ பிரிட்ஜஸ். மொத்தம் ஆறு கிலோமீட்டர் அளவில் வரும், நின்று நின்று போனால் மூன்று மணி நேரம்.

வாட்டர்ப்ரூஃப் ஷூ கட்டாயம். கால் புதைகிற இடங்கள் நிறைய. திடீரென்று மூடுபனி இறங்கும், சிக்னலும் போய்விடும், அதனால் கூகுள் மேப்பை மட்டும் நம்பாமல் ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஓ.எல் 28 காகித வரைபடம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் பெரணிப் புதர்களில் உண்ணி இருக்கும், முழுக்கால் பேன்ட் போடுங்க. கேட்டைத் திறந்தால் மூடணும். நாயோடு போனால் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை சங்கிலி அவசியம், அது தரையில் கூடு கட்டும் பறவைகளின் சீசன்.

இந்த நிலம் டச்சி ஆஃப் கார்ன்வால் எஸ்டேட்டைச் சேர்ந்தது. பட்டத்து இளவரசருக்கு வழிவழியாக வரும் சொத்து, இப்போது வில்லியம் வசம். 2040-க்குள் காட்டை இரண்டு மடங்கு ஆக்கப்போவதாக 2023-ல் அறிவித்தார்கள். மேய்ச்சலைக் கட்டுப்படுத்தி, மரங்கள் தாமாகவே பரவ இடம் விடுவதுதான் திட்டத்தின் முக்கியப் பகுதி. இதற்குச் சம்பளமில்லாத ஊழியரும் உண்டு: ஜே என்ற பறவை, காக்கை இனம், இறக்கையில் நீலப் பட்டை. இலையுதிர் காலத்தில் ஓக் காய்களைத் தொண்டையில் அடைத்துக்கொண்டு போய், குளிர்காலத்துக்காக ஆயிரக்கணக்கில் மண்ணில் புதைத்து வைக்கும். எல்லாவற்றையும் அது திரும்பத் தோண்டிச் சாப்பிடுவதில்லை. சாப்பிடாமல் விட்டதில் சில முளைக்கும். செப்டம்பர், அக்டோபரில் போனால் காட்டின் ஓரத்தில் நின்று கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள், கரகரப்பான சத்தத்தோடு ஒன்றாவது பறந்து போகும்.